கழுத்தில் அழுத்திப் பேசிய குரல்

என் கணவர் அருளப்பனுக்குக் குரல் கம்மத் தொடங்கியது ஒரு கிறிஸ்துமஸுக்கு இரண்டு வாரம் முன்பு. எண்பதுகளின் நடுப்பகுதி அது. காரிமங்கலத்திலிருந்து தருமபுரிக்கு ஓடும் தனியார் பேருந்தில் அவர் நடத்துநர். நாள் முழுக்க ஊர்ப் பெயரைக் கத்துகிறவருக்குத் தொண்டை கட்டுவது புதிதல்ல என்று நினைத்தோம். உப்புத் தண்ணீரில் கொப்பளித்தார். ஈஸ்டர் முடிந்தும் குரல் திரும்பவில்லை. எச்சில் விழுங்கினால் காதுக்குள் குத்துகிறது என்று அவர் சொன்ன பிறகுதான் தருமபுரியில் டாக்டரைப் பார்த்தோம்.

இதைப் படிக்கிற யாருக்காவது மூன்று வாரத்துக்கு மேல் குரல் கம்மியிருந்தால் காத்திருக்காதீர்கள். நாங்கள் காத்திருந்தோம்.

அந்த டாக்டர் சீட்டு எழுதிக் கொடுக்க, மொரப்பூரில் ரயிலேறி மதராஸ் போனோம். பயாப்சி (சிறு சதைத் துண்டை எடுத்துச் சோதிப்பது) செய்தார்கள். குரல்வளையில் (மூச்சுக்குழலின் மேல்முனை, குரல் பிறக்கும் இடம்) புற்று. முதலில் கதிர்வீச்சு கொடுத்தார்கள். கழுத்துத் தோல் கறுத்து இறுகியது. கட்டி முழுவதும் கரையவில்லை.

"குரல்வளையை முழுசா எடுத்தாகணும்," என்றார் டாக்டர். "உயிர் தங்கும். பேச்சு இருக்காது. கழுத்துல போடுற துளை வழியாத்தான் மூச்சு விடணும்."

இவர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "விசில் ஊதலாங்களா?"

டாக்டர் எழுதுவதை நிறுத்தினார். "வாய்க்குக் காத்து வராதுங்க."

அறுவைச் சிகிச்சைக்கு அழைத்துப் போன காலையில், என்னிடம் ஏதாவது சொல்வார் என்று கூடவே நடந்தேன். கதவருகே நின்ற பணியாளரிடம், "செருப்ப எங்கீங்க வுடறது?" என்று கேட்டார். அவருடைய சொந்தக் குரலில் நான் கேட்ட கடைசி வார்த்தைகள் அவை.

வீட்டுக்கு வந்தபின் ஒவ்வொன்றாகத் தெரிந்தது. சூடான காபியை அவரால் ஊத முடியவில்லை. அடுப்பில் சோறு தீய்ந்தாலும் வாசனை எட்டவில்லை. குளிக்கும்போது துளைக்குள் தண்ணீர் போகாமல் நான் துணியால் மறைத்துப் பிடிப்பேன். வேண்டியதைச் சிலேட்டில் எழுதிக் காட்டுவார். இரண்டாம் வகுப்பு படித்த எங்கள் மகள் சீலி, அதை எழுத்துக் கூட்டிப் படிப்பதற்குள் அவருக்குப் பொறுமை போய்விடும்.

மறு பரிசோதனைக்குப் போனபோது, பேசுவதற்கு ஒரு கருவி செய்துகொண்டிருப்பதாகச் சொன்னார்கள். வெளிநாட்டிலிருந்து வரவழைக்க வேண்டிய கருவியை இங்கேயே செய்து பார்க்கும் முயற்சி. டார்ச் லைட் அளவு இருந்தது. பொத்தானை அழுத்திக் கழுத்தில் வைத்தால் அதன் அதிர்வு வாய்க்குள் போகும். நாக்கும் உதடும் அதைச் சொல்லாக்கும். அதைச் செய்தவர்களில் ஒருவர் சுமதி என்ற பொறியாளர்.

"இது முடிஞ்ச கருவி இல்ல சார், மாதிரிதான்," என்றார் சுமதி. "வீட்டுல வச்சுப் பேசிப் பாருங்க. எங்கெல்லாம் கஷ்டமா இருக்கோ, இந்த நோட்டுல எழுதுங்க. சரியா வரலேன்னா தப்பு கருவியோடது, உங்களோடது இல்ல."

வீட்டில் முதலில் மகளின் பெயரைச் சொன்னார். டின்னுக்குள் வண்டு மாட்டிக்கொண்டதுபோல் இருந்தது அந்தக் குரல். சீலி என் பின்னால் ஒளிந்துகொண்டாள். கருவியை அலமாரியில் வைத்தவர் இரண்டு நாள் தொடவில்லை.

பிறகு எடுத்தார். நோட்டிலும் எழுதினார். கதிர்வீச்சு பட்ட தோல் மரம்போல் இருப்பதால் இடது தாடைக்குக் கீழே ஓரிடத்தில் மட்டுமே சத்தம் ஏறுகிறது. வேர்வையில் பொத்தான் வழுக்குகிறது. நானும் ஒரு வரி எழுதினேன்: "கோபமும் கொஞ்சலும் ஒரே மாதிரி கேட்கின்றன."

நோட்டைப் படித்துவிட்டு, அவர் கருவியோடு வேலை செய்வதைப் பார்க்க சுமதியே ஊருக்கு வந்தார். பேருந்து முதலாளி ஒரே ஒரு நடைக்கு அனுமதி கொடுத்தார். நானும் ஏறினேன்.

பயணச்சீட்டு கிழிக்க ஒரு கை, கம்பியைப் பிடிக்க ஒரு கை. கருவியை எடுக்கக் கம்பியை விட்டார். வளைவில் தடுமாறி ஒரு பெரியவரின் மடிமேல் சாய்ந்தார். எழுந்து நின்று ஊர்ப் பெயரைச் சொன்னார். இன்ஜின் சத்தத்தில் அது யாருக்கும் கேட்கவில்லை. கேட்ட இரண்டு பேர் சிரித்தார்கள்.

தருமபுரியில் இறங்கியதும் கருவியைத் தாடையில் வைத்துச் சுமதியிடம் சொன்னார்: "மூணு கை வேணுங்க மேடம்."

பிறகு பேருந்து நிலையத்து பெஞ்சில் உட்கார்ந்து அழுதார். குரல்வளை இல்லாதவரின் அழுகைக்குச் சத்தம் கிடையாது. கழுத்துத் துளையில் மூச்சு மட்டும் வேகமாகப் போய்வந்தது. சுமதி நோட்டை மூடிவிட்டுத் திரும்பி நின்றார்.

"எழுதிக்குங்க," என்றார் இவர், கருவியை மறுபடி வைத்து. "அடுத்தவனுக்கு ஆவும்."

அதன்பின் அவர் வேலைக்குப் போகவில்லை. சில மாதங்களில் இரண்டாவது மாதிரி வந்தது. பொத்தான்கள் சொரசொரப்பாக இருந்தன. ஒன்று தாழ்ந்த ஒலிக்கு, ஒன்று உயர்ந்த ஒலிக்கு. மாற்றி மாற்றி அழுத்தி, மகள் பெயரை இழுத்துக் கூப்பிடப் பழகினார். அவள் சிரித்தாள். அவருக்கு ஏதாவது வேண்டுமென்றால் உள்ளிருந்து இரண்டு முறை அழுத்துவார், அவள் ஓடுவாள். ஒருநாள் என்னிடம் ஏதோ முறைத்துச் சொல்லிவிட்டு, கடைசி எழுத்தில் மட்டும் உயர்ந்த பொத்தானை அழுத்தினார். கேலி செய்கிறார் என்று எனக்குப் புரிந்தது. எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு புரிந்தது.

ஆடி மாதம் முழுவதும் அப்படி இருந்தோம். பிறகு காதுக்குக் கீழே ஒரு வீக்கம் வந்தது. நோய் நிணநீர்க் கணுக்களில் (கழுத்தில் நெறிகட்டும் இடங்கள்) திரும்பியிருந்தது. இனிமேல் வலிக்கு மட்டும்தான் மருந்து என்றார் டாக்டர். நாளாக ஆகக் கழுத்து கல்லாகியது. அதிர்வு உள்ளே போகவில்லை. கன்னத்தில் வைத்துப் பார்த்தார்; சொற்கள் உடைந்து வந்தன. ஒரு காலையில் கருவியைத் துடைத்து என்னிடம் கொடுத்துவிட்டுச் சிலேட்டைக் கேட்டுக் கை நீட்டினார். ஐப்பசி மழையில் இறந்தார்.

கருவியை வாங்கிப்போகச் சுமதி வந்தார். "அடுத்த மாதிரிய கழுத்துலயே மாட்டிக்கிற மாதிரி செய்யறோம்மா. ரெண்டு கையும் காலியா இருக்கும்," என்றார். பிறகு பழக்கத்தில், மின்கலம் வேலை செய்கிறதா என்று பார்க்க இரண்டு முறை அழுத்தினார்.

பின்கட்டில் தட்டு கழுவிக்கொண்டிருந்த சீலி ஈரக் கையோடு ஓடி வந்தாள். வாசற்படியில் நின்று எங்கள் இருவரையும் பார்த்தாள். அவள் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு திரும்பிப் போனாள்.

அந்த ஆண்டே சத்துணவுக் கூடத்தில் எனக்கு வேலை கிடைத்தது. என் உடம்பில் ஒரு நோயும் இல்லை. ஆனால் யாரிடமாவது ஏதாவது கேட்டால், ஒருவர் கையைத் தூக்கிக் கழுத்துக்குக் கொண்டுபோகும் அளவு நேரம் என் உடம்பு தானாக நின்றுவிடுகிறது. இன்னும் சோறு வேண்டுமா என்று பிள்ளைகளைக் கேட்கிறேன். அவர்கள் உடனே சொல்லிவிடுகிறார்கள். நான்தான் கரண்டியோடு அவர்கள் முகத்தைப் பார்த்தபடி நிற்கிறேன். "போடுங்க டீச்சர்" என்று அவர்கள் மறுபடியும் சொல்ல வேண்டியிருக்கிறது.