தாமரை மிஸ்ஸிடம் தமிழ் பேசக் கூடாது

பழங்காநத்தத்தில் என் ஜெராக்ஸ் கடைக்கு மேல்மாடியில்தான் தாமரைச்செல்வி வகுப்பு நடத்துகிறாள். வெளிநாட்டு ஆஸ்பத்திரிகளுக்குப் போக நினைக்கிற நர்ஸ்களுக்கு ஆங்கிலப் பரீட்சைக்குப் பயிற்சி. எனக்கு அந்தப் பாஷை சுட்டுப்போட்டாலும் வராது. அவள் தாள்களை வருஷக்கணக்காக நகல் எடுத்திருக்கிறேன், ஒரு வரி படித்ததில்லை. ஆனால் மாடியில் அவள் போடுகிற சத்தம் கீழே நன்றாகக் கேட்கும்.

“டாக்டர் வந்தாங்கன்னு நினைச்சு ‘தே’ போட்டியே, எத்தனை டாக்டர்டி வந்தாங்க? ஒருத்தர்தானே? ‘ஹி’ போடு. அந்த ஊர்ல மரியாதைக்குத் தனி வார்த்தை கிடையாது. மரியாதையைக் குரல்ல வை.”

‘ஃபியூ’, ‘அ ஃபியூ’ என்று ஒரு சண்டை வாராவாரம் நடக்கும். “நாலு பேர் இருக்காங்கன்னா தெம்பு. நாலு பேர்தான் இருக்காங்கன்னா வருத்தம். ஒன்னோட ‘தான்’ எங்கடி போச்சு?” என்பாள்.

மாடியில் திட்டுவதற்கு மட்டும்தான் அவளுக்குத் தமிழ். திட்டு உறைக்க வேண்டுமே. பிள்ளைகள் அவளிடம் ஒரு வார்த்தை தமிழ் பேசக் கூடாது. வகுப்பில் மட்டுமல்ல, பஸ் ஸ்டாப்பில், காய்க்கடையில், கல்யாண வீட்டில், எங்கே பார்த்தாலும் ஆங்கிலம்தான். படித்து முடித்துப் போன பிள்ளைகளும் அவளைக் கண்டால் தமிழை மறந்துவிடும். அவளிடம் தமிழ் பேச அவர்களுக்குக் கூச்சம்.

“கத்திரிக்கா வாங்குற எடத்துலயுமா?” என்று கேட்டேன் ஒருநாள்.

“பயம் போகணும்னா வேற வழியே விட்டு வைக்கக் கூடாதுக்கா” என்றாள்.

எழுமலையிலிருந்து மதுரைக்குக் காலேஜ் படிக்க வந்தவள் அவள். வாயைத் திறந்தாலே வகுப்பு சிரித்ததாம். மூன்று வருஷமும் வாயை மூடிக்கொண்டே படித்து முடித்திருக்கிறாள். அந்த வைராக்கியம்தான் மேலே உட்கார்ந்து சத்தம் போடுகிறது என்று எனக்குத் தெரியும். அதனால் நானும் விட்டுவிட்டேன்.

அவள் புருஷன் சிவக்குமார் அலங்காநல்லூர் பக்கம் மினிபஸ் ஓட்டினார். சாயங்காலம் அவளைக் கூட்டிப்போக வந்து என் கடை வாசலில் பைக்கை நிறுத்துவார். “ஜெயக்கொடிக்கா, மேல இருக்க வெள்ளைக்காரி இன்னும் எறங்கலையா?” என்பார். அவள் இறங்கி வரும்போது முகத்தை எங்கோ வைத்துக்கொள்வார். பிள்ளை குட்டி இல்லாத வீடு. ஆனாலும் அந்த வண்டியில் இரண்டு பேரும் சிரித்துக்கொண்டே போவதைத்தான் பார்த்திருக்கிறேன்.

பரீட்சையில் நடிப்பு மாதிரி ஒரு பகுதி உண்டு. பிள்ளை நர்ஸாகவே பேச வேண்டும், தாமரை நோயாளியின் சொந்தக்காரியாக எதிரே உட்காருவாள். புருஷன் பிழைக்க மாட்டான் என்று பெண்டாட்டியிடம் சொல்வதுதான் இருப்பதிலேயே கஷ்டமாம். மஹால் பக்கத்துப் பிள்ளை ஷாஹீதா அதில் தடுமாறிக்கொண்டே இருந்தாள். ‘ஹிஸ்’ வர வேண்டிய இடத்தில் ‘ஹெர்’ வரும். தாமரை விடவே இல்லை. அழ அழச் சொல்ல வைத்தாள். கடைசியில் ஷாஹீதா நல்ல மார்க் வாங்கினாள். விசா வரும்வரை மதுரையிலேயே ஒரு ஆஸ்பத்திரி ஐ.சி.யு.வில் வேலை பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆடி மாசத்தில் ஒருநாள் சிவக்குமார் ஸ்டியரிங்கிலேயே சாய்ந்துவிட்டார். பஸ்ஸை ஓரங்கட்டி நிறுத்திவிட்டுத்தான் சாய்ந்திருக்கிறார். மூளையில் ரத்தக்கசிவு. கொண்டுவந்து சேர்த்தது ஷாஹீதா வேலை பார்க்கிற ஆஸ்பத்திரியில். அவருடைய அம்மா சின்னத்தாய் எழுமலையிலிருந்து ஓடி வந்தார். ஐ.சி.யு. வாசலில் நாங்கள் மூன்று பேரும் உட்கார்ந்திருந்தோம். கதவு திறக்கும்போதெல்லாம் அந்தக் கிழவி எழுந்து நிற்பார். உள்ளே விட மாட்டேன் என்றார்கள். மகன் முகத்தை ஒருதரம் பார்க்க வேண்டும், அவ்வளவுதான் அவர் கேட்டது.

மறுநாள் மதியம் ஷாஹீதா வெளியே வந்தாள். நேராகத் தாமரையிடம் வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். மெதுவாக, நிறுத்தி நிறுத்தி, ஆங்கிலத்தில் பேசினாள். கண் கலங்கியிருந்தது, குரல் கலங்கவில்லை. தாமரை தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டாள். ஷாஹீதா கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

“என்னத்தா சொல்லுது அந்தப் பிள்ள?” என்றார் சின்னத்தாய்.

தாமரை வாயைத் திறந்தாள். எதுவும் வரவில்லை. அப்புறம், “பாத்துக்கிட்டுதான் இருக்காங்களாம் அத்த. நீங்க காலைல இருந்து சாப்பிடல. அக்காகூடப் போய் ரெண்டு இட்லி சாப்பிட்டு வாங்க” என்றாள்.

எனக்குத் தெரியுமா? சர்க்கரை வியாதிக்காரி மயங்கி விழுந்துவிடக் கூடாதே என்று நானும் கேன்டீனுக்குக் கூட்டிப் போனேன். “புள்ளைய பாத்துக்கிறாகளாம்” என்று கிழவி என்னிடம் சொல்லிக்கொண்டே சாப்பிட்டார். நாங்கள் மேலே வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. தாமரை உள்ளே புருஷன் கட்டில் பக்கத்தில் நின்றிருந்தாள்.

கருமாதி முடிந்த பிறகுதான் தாமரை என்னிடம் சொன்னாள். “அந்தப் பிள்ள பேச்சுல ஒரு தப்பு இல்லக்கா. ‘ஹிஸ்’, ‘ஹிம்’ எல்லாம் அதது எடத்துல சரியா வந்துச்சு. வகுப்புல உக்காந்து கேக்குற மாதிரி அதத்தான் கவனிச்சுக்கிட்டு இருந்தேன். எம்புருஷனப் பத்திச் சொல்லுதுன்னு ஒறைக்கல. ஒறைச்சப்போ அத்தைக்குத் தமிழ்ல சொல்ல வாய் வரல.” எனக்குக் கோபமும் வந்தது, அழுகையும் வந்தது. கோபத்தை யார் மேல் காட்ட?

சின்னத்தாய் ஊருக்குத் திரும்பிப் போகவில்லை. மருமகள் வீட்டிலேயே இருக்கிறார். தாமரை அவரிடமும் எல்லாவற்றையும் சொன்ன பிறகும் ஒரு வசவு கிடையாது, ஒரு குத்தல் கிடையாது. சாயங்காலம் தாமரை வகுப்பு முடிந்து வந்ததும் பக்கத்தில் உட்கார வைத்து ஒன்றே ஒன்று கேட்கிறார். போன வாரம் நானும் அங்கே இருந்தேன்.

“அன்னைக்கு அந்தப் பிள்ள சொன்னத சொல்லு தாயி.”

தாமரை சொன்னாள். நிறுத்தி நிறுத்தி, ஒரு வார்த்தை விடாமல், தமிழில் சொன்னாள். “எங்களால முடிஞ்சதெல்லாம் செஞ்சுட்டோம். இன்னும் கொஞ்ச நேரந்தான் இருப்பாரு. அவுக அம்மாவ உள்ள கூட்டிட்டு வாங்க. கையப் பிடிச்சுக்கிட்டுப் பேசச் சொல்லுங்க. அவருக்குக் கேக்கும்.”

கிழவி கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு தாமரையின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

“கேக்கும்னு தெரிஞ்சிருந்தா பேசியிருப்பேன்ல தாயி.”