ஒரே கட்டடத்துக்கு இரண்டு அஸ்தமனம்

நோன்புக் கஞ்சியை வாய்க்குக் கொண்டுபோன கை பாதியில் நின்றுவிட்டது. கடலூர் செம்மண்டலத்தில் எங்கள் வீட்டுக் கூடத்தில் அப்போதுதான் நோன்பு திறந்திருந்தோம். அம்மா போனை ஸ்பீக்கரில் போட்டு அக்காவோடு பேசிக்கொண்டிருந்தார். அக்கா கல்யாணமாகி வளைகுடாவில் இருக்கிறாள். கடலைப் பார்த்த உயரமான கட்டடம், நாற்பதுக்கும் மேலே ஏதோ ஒரு மாடி. இங்கே நாங்கள் கஞ்சி குடிக்கும் நேரத்தில் அங்கே இன்னும் வெயில் அடிக்கும். பசியிலும் கோபத்திலும் தன் வீட்டுக்காரரைப் பற்றிப் புகார் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"நேத்து உங்க மருமவன் என்ன பண்ணாரு தெரியுமாம்மா? பேரீச்சம்பழத்த சட்டப் பாக்கெட்டுல போட்டுக்கிட்டு லிஃப்ட்ல கீழ எறங்கிட்டாரு. கீழ இருக்கவுங்க மொதல்ல தொறந்துடுவாங்களாம். மேல இருக்க எங்களுக்கு சூரியன் இன்னும் தெரியுதுல்ல, அது போற வரைக்கும் நாங்க காத்துக் கெடக்கணும். ரெண்டு நிமிஷம் பொறுக்க முடியல அவுருக்கு."

"பாவம், பசிச்சிருக்கும்," என்றார் அம்மா.

"எனக்கு மட்டும் பசிக்காதா?"

நான் போனைப் பிடுங்காத குறை. "அக்கா, இப்ப என்ன சொன்ன? திருப்பிச் சொல்லு."

"ஏண்டா, உனக்கும் லிஃப்ட் வேணுமா?"

ஒரே கட்டடம், ஒரே வாசல். கீழே நிற்பவருக்குச் சூரியன் போய்விட்டது, மேலே நிற்பவருக்குப் போகவில்லை. இயற்பியலில் முதுகலை வரை படித்தவன் நான். ஒரு தாளும் பென்சிலும் கொடுத்திருந்தால் இந்தக் கணக்கை நானே போட்டிருப்பேன். ஆனால் அது ஒரு வீட்டுச் சண்டையாக, சட்டைப் பாக்கெட்டில் பேரீச்சம்பழத்தோடு இருக்கும் என்று ஒருநாளும் தோன்றியதில்லை. இதை வைத்து அவனை மடக்கிவிடலாம் என்று அந்த நொடியில் பட்டது. கஞ்சி ஆறிப்போனது.

அவன் என் நண்பன். சிதம்பரம் மேல வீதிக்காரன், கல்லூரியில் எனக்குப் பக்கத்து பெஞ்சு. நான் இயற்பியலைத் தொடர, அவன் எஞ்சினியரிங்குக்கு மாறிப் போனான். இரண்டு வருடமாக நாங்கள் இருவரும் ஞாயிறுதோறும் திருப்பாதிரிப்புலியூரில் ஒரு மாடி அறையில் பள்ளிப் பிள்ளைகளுக்கு அறிவியல் வகுப்பு நடத்துகிறோம். காசு வாங்குவதில்லை. நான் பேசுவேன், அவன் செய்து காட்டுவான். பழைய மிக்ஸி மோட்டாரை வைத்து அவன் செய்த சூரிய மண்டலத்தைப் பார்க்கவே பிள்ளைகள் வருகிறார்கள். அவன் இல்லாவிட்டால் அந்த வகுப்பு, அணைக்க முடியாத ரேடியோ மாதிரி நான் ஒருவனே கத்திக்கொண்டிருக்கும் இடமாகிவிடும்.

நோன்பு தொடங்குவதற்குச் சில வாரங்கள் முன்பு, அடுத்த பாடம் பூமியும் சூரியனும் என்று பேச்சு வந்தபோது, ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்துவிட்டு அவன் சொன்னான். "மச்சான், அந்தப் பாடத்துக்கு நான் வரல."

"ஏன், ஊருக்குப் போறியா?"

"இல்ல. பூமி உருண்டைன்னு எனக்கு இப்ப நம்பிக்கை இல்ல. நம்பாத ஒண்ண புள்ளைங்க கிட்ட செஞ்சு காட்ட மாட்டேன்."

விளையாடுகிறான் என்று சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை. வேறு யாராவது சொல்லியிருந்தால் கிண்டல் பண்ணிவிட்டுப் போயிருப்பேன். இவன் ஒரு பல்சக்கரத்துக்குப் பல் எண்ணிக்கை தப்பினால் தூங்காதவன்.

"டேய், நீ எஞ்சினியர்டா."

"அதனாலதான் கேக்குறேன். சின்ன வயசுல உருண்டைன்னு சொன்னாங்க, தலையாட்டுனோம். நீ ஒரு தடவயாவது செக் பண்ணியா?"

ஏதேதோ வீடியோக்கள் பார்த்திருக்கிறான், மாதக்கணக்கில். அடுத்த வாரம் சிதம்பரத்துக்குப் போனேன். சாயங்காலம், விளக்குப் போட்ட பிறகு, மேல வீதியின் ஒரு முனையில் என்னை நிறுத்தி மறுமுனையைப் பார்க்கச் சொன்னான். "எல்லாக் கம்பமும் ஒரே உயரம். ஆனா தூரம் போகப் போக லைட்டு கீழ எறங்குது பாரு. எறங்குதா என்ன? எறங்கல. தூரமா போகுது, அவ்ளோதான். சூரியனும் அப்படித்தான் மச்சான். மறையல, தூரமா போயிடுது."

உருண்டை என்பதற்கு என்னிடம் பெரிய பெரிய ஆதாரங்கள் இருந்தன. இந்தத் தெருவிளக்குக்கு ஒரு பதில் இல்லை. கடைசிக் கம்பத்து விளக்கு நிஜமாகவே எதிர்வீட்டு வாசற்படிக்கு அருகில் தெரிந்தது. திரும்பி வரும் பஸ் ஆலப்பாக்கம் தாண்டும்போதுதான் உறைத்தது: அந்த விளக்குகள் கீழே மட்டும் இறங்கவில்லை, சிறிதாகிக்கொண்டே போயின! சூரியன் சிறிதாவதில்லையே! பக்கத்து சீட்காரர் திடுக்கிட்டு எழும் அளவுக்குத் தொடையில் தட்டிக்கொண்டேன். அவர் தொடையில்.

உடனே அவனுக்குப் போன் போட்டேன். "சிறுசாவாது. நீயே வந்து பாரு."

"எங்க?"

"கடற்கரைக்கு வா. புள்ளைங்களையும் கூட்டிட்டு வரேன். சூரியன் முழு சைஸ்ல தண்ணிக்குள்ள எறங்குறத எல்லாருக்கும் காட்டுறேன்."

அவன் ஒரு கணம் பேசாமல் இருந்துவிட்டு, "சரி, வரேன்," என்றான். அந்த ஒரு கணத்தை நான் கவனித்திருக்க வேண்டும்.

நோன்பு தொடங்குவதற்கு முன் வந்த சனிக்கிழமை மாலை, தேவனாம்பட்டினம் கடற்கரை. வகுப்புப் பிள்ளைகள், சில அம்மாக்கள், ஆளுக்கொரு பொட்டலம் சுண்டல். நான் கடலைக் காட்டி அடிவானம், கோணம், விட்டம் என்று உற்சாகமாக விளக்கிக்கொண்டிருந்தேன். எட்டாவது படிக்கும் ஒரு பெண் கையைத் தூக்கினாள்.

"சார், சூரியன் உங்களுக்குப் பின்னாடி இருக்கு."

திரும்பினேன். சூரியன் ஊர்ப்பக்கம், சவுக்கு மரங்களுக்கு மேலே, சாவகாசமாக இறங்கிக்கொண்டிருந்தது. பிறந்ததிலிருந்து இந்தக் கடற்கரையில் விளையாடியவன் நான். இங்கே சூரியன் கடலில் உதிக்கும், மறையாது. வாரக்கணக்காக அவனோடு சண்டை போட வீடியோ பார்த்துப் பார்த்து, எல்லா வீடியோவிலும் அது கடலில் விழ விழ, என் ஊரின் திசையே என் தலைக்குள் திரும்பிவிட்டிருக்கிறது. ஒரு அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்.

"சொல்லியிருக்கலாம்லடா," என்றேன் அவனிடம் பல்லைக் கடித்துக்கொண்டு.

"நீதான் ஃபிசிக்ஸ். புதுசா எதோ காட்டப் போறன்னு நெனச்சேன்."

விட்டேனா? தூரத்தில் போய்க்கொண்டிருந்த ஒரு ஃபைபர் படகைக் காட்டினேன். "அந்தப் படகு பாருங்க. கண்ணுக்கு மறையும். ஏன்னா பூமி வளைஞ்சிருக்கு." படகு புள்ளியாகி மறைந்தது. பிள்ளைகள் கைதட்டினார்கள். அவன் சத்தமில்லாமல் போனை எடுத்து ஜூம் செய்து பிள்ளைகளிடம் நீட்டினான். திரையில் படகு முழுசாக, அடித்தட்டோடு, ஆடிக்கொண்டிருந்தது.

"வளைவுக்குள்ள போனது எப்படி சார் திரும்பி வந்துச்சு?" என்று ஒருவன் கேட்டான்.

கிண்டலாகக் கேட்டிருந்தால்கூடப் பரவாயில்லை, நிஜமாகவே கேட்டான். படகு இன்னும் வளைவைத் தொடவே இல்லை, கண்ணுக்குச் சிறிதாகிவிட்டது, அவ்வளவுதான். அதை நான் அவசரப்பட்டு வளைவு என்று சொல்லிவிட்டேன். சரியான விஷயத்துக்குத் தப்பான சாட்சியைக் கொண்டுவந்து நிறுத்தியிருந்தேன். அன்றைக்குப் பிள்ளைகள் வீட்டுக்கு எடுத்துப் போனது அவனுடைய ஜூம்தான்.

போகும்போது அவன் ஜெயித்த முகத்தோடு போகவில்லை. "பெருநாள் முடிஞ்சு அந்தப் பாடத்த நீ மட்டும் எடு. அதுக்கப்புறமும் நான் வருவனான்னு தெரியல மச்சான். ஒரே ரூம்ல ரெண்டு பேரு ரெண்டு மாரி சொன்னா புள்ளைங்க என்ன பண்ணும்?"

அதனால்தான் அக்காவின் லிஃப்ட் கதையைக் கேட்டதும் எனக்கு அப்படித் தூக்கிவாரிப் போட்டது. மறுநாளே அவனை நோன்பு திறக்க வீட்டுக்கு அழைத்தேன். அவன் வருவதில் அதிசயமில்லை. எங்கள் வீட்டுக் கஞ்சிக்கு வருடாவருடம் வருகிறவன். அம்மா அவனுக்கு இரண்டாவது கிண்ணம் ஊற்றிக்கொண்டே, "பூமி தட்டையா இருந்தா என்ன, உருண்டையா இருந்தா என்ன, வடைய எடுத்துக்கப்பா," என்றார். இருட்டிய பிறகு இருவரும் மொட்டைமாடிக்குப் போனோம். தெருவில் தராவீஹ் தொழுகைக்கு ஆட்கள் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். அக்காவுக்கு அப்போதுதான் சூரியன் மறையும் நேரம்.

மூன்று முனையிலும் வீடியோ. அக்கா மேலே ஜன்னலில். அவள் வீட்டுக்காரர் கீழே, கடலோர நடைபாதையில், வழக்கம்போல் பேரீச்சம்பழத்தோடு. நாங்கள் செம்மண்டலத்து இருட்டில்.

"எனக்குப் போயிடுச்சு மாப்ள," என்றார் அவர். பின்னாலேயே பள்ளிவாசல் பாங்கு கேட்டது. பழம் வாய்க்குள் போனது.

"பாத்தியா, எப்படித் திங்கிறாருன்னு!" அக்கா கேமராவைத் திருப்பினாள். அவள் ஜன்னலில் சூரியன் இன்னும் இருந்தது, பாதிக்குக் கொஞ்சம் மேலே.

நான் அவனைப் பார்த்தேன். இதோ முடிந்தது என்று நினைத்தேன்.

"மேல போனா ஜாஸ்தி தூரம் தெரியும்," என்றான் அமைதியாக. "மாடியில நின்னா அடுத்த தெரு தெரியலையா? அதான் இது."

கைப்பிடிச் சுவரில் சாய்ந்தேன். ராத்திரி முழுக்கத் தீட்டிவைத்த ஆயுதம், ஒரே வாக்கியத்தில் மொக்கை. அவனே போனை என் கையிலிருந்து வாங்கினான்.

"அக்கா, நான்தான் பேசுறேன். கொஞ்சம் ஜூம் பண்ணுங்களேன்."

"என் நோன்ப யாரும் நெனைக்க மாட்டீங்களாடா?" என்றாலும் செய்தாள். சூரியன் திரையை நிறைத்தது. கீழ்ப்பாதி வரவில்லை.

"இன்னும் ஜாஸ்தி பண்ணுங்க."

"பண்ணிட்டேன்ப்பா. தட்ட பாதி தண்ணிக்குள்ள முக்குன மாரி இருக்கு. கீழ ஒண்ணும் இல்ல."

அவன் முகம் மாறியதை அந்தத் திரை வெளிச்சத்தில் பார்த்தேன். படகை அவன் ஜூம் திரும்பக் கொண்டுவந்தது. இந்தக் கீழ்ப்பாதியை எந்த ஜூமும் கொண்டுவரவில்லை. சூரியன் முழுசாகப் போனதும் அக்கா பிரார்த்தனை சொல்லி நோன்பு திறந்து, இணைப்பைத் துண்டித்தாள். அவன் இருண்ட திரையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஒத்துக்குறியா?" என்றேன். அவசரம்தான், தெரியும்.

"இல்ல." நிமிர்ந்தான். "வீடியோ பாத்துதான் மச்சான் நான் அந்தப் பக்கம் போனேன். இன்னொரு வீடியோ பாத்து இந்தப் பக்கம் வந்தா, நாளைக்கு மூணாவது ஒண்ணு வரும். என் கண்ணால பாக்கணும்."

"சரி, பாப்போம்."

"இரு. நீ மொதல்ல சொன்ன மாரி மறையறப்பவும் சூரியன் சைஸ் மாறலைன்னா நான் திரும்ப வரேன், உருண்டையும் செஞ்சு தரேன். சிறுசானா? நீ என்ன பண்ணுவ?"

நான் அதை யோசித்ததே இல்லை. அவனை மாற்றுவதற்கு மட்டுமே சோதனைகளைத் தேடிக்கொண்டிருந்தேன். தோற்கவே வாய்ப்பில்லாத ஒன்றை சோதனை என்று பிள்ளைகளுக்கு இத்தனை நாளும் சொல்லிக்கொடுத்திருக்கிறேனா?

"சிறுசானா, பாடத்த நிறுத்திடுறேன். புள்ளைங்க முன்னாடி எனக்குத் தெரியலன்னு சொல்றேன்," என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது.

"கைய குடு."

கடலூரில் தண்ணீருக்கு மேலே சூரியன் மறைவதைப் பார்க்க முடியாது. ஆனால் சிதம்பரத்திலிருந்து ஒரு பைக் தூரத்தில் வீராணம் இருக்கிறது. ஏரியின் கிழக்குக் கரையில் ரோடு, மேற்கே முழுக்கத் தண்ணீர். எதிர்க்கரை மரங்கள் கடைசிக் கொஞ்சத்தை மறைக்கும், பரவாயில்லை. எங்களுக்கு வேண்டியது சைஸ் மட்டும்தான். வெல்டிங் கடையில் இருப்பதிலேயே அடர்த்தியான கண்ணாடியாகக் கேட்டு வாங்கிவிட்டேன். ஆபீஸ் பஞ்சிங் மெஷினில் ஓட்டை போட்ட ஓர் அட்டை. அட்டைக்கும் கண்ணுக்கும் இடையே மாறாத தூரத்துக்கு ஒரு நூல், அதன் ஒரு முனை அட்டையில், மறு முனை பல்லில். மதியம் சூரியன் உயரத்தில் இருக்கும்போது அந்த ஓட்டையை எவ்வளவு நிரப்புகிறது, மறையும்போது எவ்வளவு நிரப்புகிறது. அடிவானத்துக்கருகே மேலும் கீழும் கொஞ்சம் நசுங்கும், காற்று செய்கிற வேலை, குறுக்கு அகலத்தைத்தான் பார்க்க வேண்டும் என்பதை முன்கூட்டியே அவனிடம் சொல்லிவிட்டேன். அப்புறமாகச் சொன்னால் சாக்கு மாதிரி இருக்கும். முதலில் அவன் பார்ப்பான், பிறகு நான். பார்த்து முடிக்கும் வரை இருவரும் வாயைத் திறக்கக் கூடாது. நூல் பல்லில் இருப்பதால் அது சுலபம்தான்.

வரும் ஞாயிறு வகுப்பு முடிந்ததும் பஸ் ஏறி சிதம்பரம், அங்கிருந்து அவன் பைக். எனக்கு அன்றைக்கும் நோன்பு. சூரியன் போகும் அதே நிமிடத்தில்தான் அளக்கவும் வேண்டும், திறக்கவும் வேண்டும். அதனால் அட்டையை அவன் பிடித்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறான். பேரீச்சம்பழம் என் சட்டைப் பாக்கெட்டில் இருக்கும்.