ஏற்றாத நட்சத்திரம்

ஹவுராவில் நாங்கள் குடியிருந்த தெருவில் என் மனைவி ஞானம்மாள் சாகக் கிடந்த ஒரு சாயங்காலத்தைப் பற்றிச் சபையாருக்குச் சொல்லும்படி கர்த்தர் என்னை நெடுநாளாக ஏவிவருகிறார். சொல்ல வெட்கமாக இருந்ததால் தள்ளிப்போட்டேன்.

ஆயிரத்துத் தொள்ளாயிரம் பிறந்து நாலைந்து வருஷம்தான் ஆகியிருந்தது. திருநெல்வேலியிலிருந்து ரயில்வே பட்டறையில் குமாஸ்தா வேலைக்கு வந்தவன் நான். டிசம்பர் பிறந்ததும் மூங்கிலைப் பிளந்து, சிவப்புக் காகிதம் ஒட்டி, நட்சத்திரம் செய்து, உள்ளே விளக்கு வைத்து, மாடியில் உயரமான கம்பத்தில் ஏற்றினேன். அந்தத் தெருவிலேயே நாங்கள் மட்டும்தான் கிறிஸ்தவர்கள். இவர்கள் நடுவில் சாட்சியாக விளங்குகிறோம் என்று எனக்கு ஒரே பெருமை.

சாட்சியின் லட்சணத்தைக் கேளுங்கள். அடுத்த வீட்டில் ஒரு வங்காளி அம்மாள். தெருவில் எல்லோரும் அவளை 'பௌதி' என்பார்கள், அண்ணி என்று அர்த்தம். துர்கா பூஜை முடிந்ததும் ஒரு தட்டு நிறைய சந்தேஷ் என்ற பால் இனிப்பு கொண்டுவந்தாள். படைத்ததாகத்தான் இருக்கும் என்று நானாகவே தீர்மானித்து, மூடிய துணியைக்கூட எடுக்காமல் திருப்பிக் கொடுத்தேன். அக்கம்பக்கத்தில் பேச்சு வைத்துக்கொள்ளக் கூடாது என்று ஞானம்மாளுக்கும் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன்.

கிறிஸ்துமஸுக்கு ஐந்து நாள் இருந்தது. வேலை முடிந்து வந்து பார்த்தால் அவள் பாயில் சுருண்டு கிடக்கிறாள். பிரசவத்துக்கு இன்னும் மூன்று வாரம் இருக்க, அன்றே வலி கண்டுவிட்டது. பாய் முழுக்க ரத்தம். டாக்டரை அழைக்க ஆற்றைத் தாண்டிப் போக வேண்டும்.

"ஓடிப்போய் டாக்டரக் கூட்டிட்டு வாரேன்" என்றேன்.

அவள் என் வேட்டியைப் பிடித்துக்கொண்டாள். "போகாதீங்க. ஒத்தையில கெடந்து செத்துருவேன்."

போனாலும் போச்சு, இருந்தாலும் போச்சு. கூப்பிட்ட குரலுக்கு ஓர் ஆள் இல்லை. அப்படி ஆக்கிவைத்தது நான்தான். முழங்காலில் விழுந்தேன். சபையில் நீட்டி முழக்கும் ஜெபம் எதுவும் வாயில் வரவில்லை. "ஆண்டவரே, யாரையாவது அனுப்பும்" என்பதையே திரும்பத் திரும்பச் சொல்லி அழுதேன். வெளியே இருட்டிக்கொண்டு வந்தது.

கதவு தட்டும் சத்தம் கேட்டது. திறந்தால் பௌதி நிற்கிறாள். அவள் வங்காள மொழியில் கேட்டதை எனக்குப் புரிந்தபடி சொல்கிறேன்: "ஏன் தம்பி, இன்னிக்கு விளக்கு ஏத்தலியே? வீட்டுல எல்லாரும் நல்லாத்தானே இருக்கீங்க?"

வங்காளிகள் தங்கள் கார்த்திகை மாதம் முழுக்க இப்படித்தான் கம்பத்தில் ஆகாச விளக்கு ஏற்றுவார்கள், முன்னோருக்கு வழி தெரிய வேண்டும் என்று. ஒரு நாளும் தவற விடமாட்டார்கள். எங்கள் நட்சத்திரத்தையும் அப்படியொரு நேர்த்திக்கடன் என்றே நினைத்திருக்கிறாள். தினமும் ஏற்றுகிறவன் ஏற்றவில்லையே, வீட்டில் ஏதோ விபரீதம் என்று பதறி வந்துவிட்டாள். தன் தட்டைத் திருப்பிக் கொடுத்த வீட்டுக்கு வந்தாள்.

உள்ளே கையைக் காட்டினேன். ஒரே பார்வையில் அவளுக்குப் புரிந்துவிட்டது. ஜன்னல் வழியாகக் கத்திப் புருஷனைக் குதிரை வண்டியில் டாக்டரிடம் விரட்டினாள். வெந்நீர் வைக்கச் சொன்னாள். ஞானம்மாளின் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டவள் அப்புறம் எழுந்திருக்கவே இல்லை.

விடியும்போது பெண் குழந்தை பிறந்தது. "இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் இரண்டு உயிரும் போயிருக்கும்" என்றார் டாக்டர். பௌதி முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு கிளம்பினாள். வாசலில் நின்று, "இன்னிக்கு மறக்காம ஏத்திடு தம்பி" என்றாள். நான் குழந்தையைவிடச் சத்தமாக அழுதேன்.

கிறிஸ்துமஸ் அன்று ஒரு தட்டில் அச்சுமுறுக்கு எடுத்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனேன். திருப்பிக் கொடுத்துவிடுவாளோ என்று பயந்துகொண்டே நீட்டினேன். அவள் வாசலிலேயே ஒன்றை எடுத்துக் கடித்தாள். ஸ்தோத்திரம் ஆண்டவரே!

பிரியமானவர்களே, நம் கர்த்தர் கேட்டால் கொடுக்கிறவர். தைரியமாகக் கேளுங்கள். யார் கையில் கொடுத்தனுப்ப வேண்டும் என்று மட்டும் அவருக்குச் சொல்லித்தராதீர்கள். இந்த டிசம்பரிலும் நட்சத்திரம் ஏற்றுங்கள். ஏற்றியதும் கீழே இறங்கிவிடாமல், மாடியில் நின்று தெருவை ஒருமுறை பாருங்கள். எந்த வீட்டில் இன்னும் விளக்கு எரியவில்லையோ, அந்தக் கதவைப் போய்த் தட்டுங்கள்.