உலை வைக்காத ஞாயிற்றுக்கிழமை

எல்லாருக்கும் என் ஸ்தோத்திரம். இந்த மைக்கை மறுபடியும் கையில் வாங்க எனக்கு வெட்கமாக இருக்கிறது. ஆனால் கர்த்தர் செய்ததைச் சொல்லாமல் ஊழியத்துக்குத் திரும்பிப் போனால் அது அதைவிட வெட்கம்.

போன நவம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஆஸ்பத்திரியில் ஐ.சி.யூ. வாசலில் உட்கார்ந்திருந்தேன். உள்ளே என் கணவர் மூச்சுக்குப் போராடிக்கொண்டிருந்தார். விடுமுறைக்கு வந்த மனிதருக்கு டெல்லிப் புகை நிமோனியாவில் கொண்டுபோய் விட்டுவிட்டது. ஆக்ஸிஜன் ஏறவில்லை, சாயங்காலத்துக்குள் ஏறாவிட்டால் மூச்சுக்கு மெஷின் வைக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். கதவருகே போய் எட்டிப் பார்த்தால் காவலாளி, "மேடம், பாஹர் பைட்டியே" என்று வெளியே போய் உட்காரச் சொல்லி விரட்டினார்.

நான் ஊழியக்காரி. மற்றவர்களுக்காக ஜெபிப்பதுதான் என் வேலை. அன்றைக்கு என் கணவருக்காக ஜெபிக்க ஒரு வார்த்தை வரவில்லை. பயத்தால் இல்லை. எந்த வாயால் ஜெபிப்பது என்று தெரியவில்லை.

அதற்கு முந்தின ஞாயிறுதான் இதே இடத்தில் நின்று பேசினேன். உங்களுக்கு ஞாபகம் இருக்கும், நிறையச் சிரித்தீர்கள்.

சைப்ரஸ் தீவில் எங்கள் ஊழியம் என்னவென்று தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். அங்கே வீட்டோடு தங்கி வயசானவர்களைப் பார்த்துக்கொள்கிற தமிழ்ப் பெண்கள் இருக்கிறார்கள். நம் ஊர்ப் பெண்களும் உண்டு, இலங்கைப் பெண்களும் உண்டு. அவர்களுக்கு ஞாயிறு மட்டும்தான் லீவு. ஒரு கடைக்குப் பின்னால் வாடகை அறை ஒன்றில் அன்றைக்குக் கூடுவோம். பாட்டு, ஜெபம், என் கணவரின் பிரசங்கம். பிறகு என் சமையல். அங்கே முருங்கைக்காய்க்கு எங்கே போவது? கேரட்டும் சுரைக்காய் மாதிரி ஒரு காயும் போட்டு, டெல்லியிலிருந்து கொண்டுபோன புளியில் சாம்பார் வைப்பேன். பிரசங்கத்தில் பாதிப் பேர் தூங்குவார்கள். சோற்று வாசனை வந்ததும் எல்லாரும் முழித்துக்கொள்வார்கள். சாப்பிட்டுத் தட்டைக் கழுவி வைத்துவிட்டு, பிள்ளைகளிடம் வீடியோ காலில் பேசக் கடற்கரைக்குப் போய்விடுவார்கள்.

அன்றைக்கு நம் சபையில் ஒருவர் அன்பாகத்தான் கேட்டார், "எத்தனை பேர் ஞானஸ்நானம் எடுத்தாங்க சிஸ்டர்?" என்று. ஒருத்தர்கூட இல்லை. அதைச் சொல்லக் கூச்சமாக இருந்தது. எனக்கு வாய் கொஞ்சம் நீளம். கூச்சம் வந்தால் இன்னும் நீளும்.

"மனுஷரைப் பிடிக்கிறவங்களாப் போனோம். தூண்டில்ல சாம்பாரை மாட்டியிருக்கோம். அது இருந்தா வருவாங்க. இல்லேன்னா ஒருத்தி தலைகாட்ட மாட்டா!"

நீங்கள் சிரித்தீர்கள். நானும் சிரித்தேன். நம் ஆராதனையை ஃபோனில் நேரலையாகக் காட்டுகிறோம் என்பதே எனக்கு மறந்துபோயிற்று.

மத்தியானம் ஸ்டெல்லாவிடமிருந்து மெசேஜ் வந்தது. அந்தப் பிள்ளை தூத்துக்குடிப் பக்கம். நாங்கள் இல்லாதபோது அறைச் சாவி அவளிடம்தான் இருக்கும். "அக்கா, மீட்டிங் பார்த்தோம். எல்லாரும் ரூமுக்குச் சீக்கிரமே வந்து சேர்ந்து உக்காந்து பார்த்தோம்." அவ்வளவுதான். திட்டியிருந்தால்கூடப் பதில் போட்டிருப்பேன்.

இரண்டு நாளில் அவருக்குக் காய்ச்சல் வந்தது. வார முடிவில் ஐ.சி.யூ. ஜெபிக்கச் சொல்லி எல்லாருக்கும் எழுதினேன். அந்தப் பெண்களுக்கு மட்டும் எழுதுவேன், அழிப்பேன். கடைசிவரை அனுப்பவில்லை. கேலி பேசிவிட்டு உதவி கேட்க மனசு கூசியது.

அந்த வாசலில் கடைசியாக நான் சொன்னது ஒன்றே ஒன்றுதான். "ஆண்டவரே, பேசினது என் வாய். அதுக்கு அவரைத் தண்டிக்காதீங்க."

சாயங்காலமாக டாக்டர் வெளியே வந்தார். ஆக்ஸிஜன் ஏற ஆரம்பித்துவிட்டது, மெஷின் வேண்டாம் என்றார். அந்தப் பிளாஸ்டிக் நாற்காலியிலேயே குனிந்து அழுதேன். அந்தக் காவலாளியே ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு ஃபோனை எடுத்தால், ஸ்டெல்லாவின் வீடியோ கால். எங்கள் அறை தெரிந்தது. ஒருத்தி விடாமல் எல்லாரும் முழங்காலில் இருந்தார்கள். காலையில் நம் பாஸ்டர் ஆராதனையில் அவருக்காக ஜெபிக்கச் சொன்னதை அதே ஃபோன் வழியாகக் கேட்டிருக்கிறார்கள்.

"அண்ணன் எப்படிக்கா இருக்காங்க?" என்றாள்.

"பிழைச்சிட்டாரும்மா" என்றேன். அறை முழுக்க அழுகையும் ஸ்தோத்திரமும்.

அங்கே அப்போது மத்தியானச் சாப்பாட்டு நேரம். பின்னால் அடுப்பு தெரிந்தது. சோற்றுப் பானை கவிழ்த்து வைத்தபடி இருந்தது. "இன்னும் சாப்பிடலையா?" என்றேன்.

"இன்னைக்கு உலையே வைக்கலக்கா. எல்லாரும் உபவாசம்."

எனக்குத் தலை நிமிரவில்லை. "ஸ்டெல்லா, அன்னைக்கு நான் பேசினது..." என்று ஆரம்பித்தேன். அவள் முடிக்க விடவில்லை.

"அது நெசந்தானக்கா. சாப்பாட்டுக்குத்தான் வந்தோம். வாரம் பூராவும் நாங்கதான் ஊட்டி விடுறோம், நாங்கதான் தட்டு கழுவுறோம். எங்களை உக்கார வச்சு, இன்னும் கொஞ்சம் போட்டுக்கோன்னு நீங்க மட்டுந்தான் சொல்லுவீங்க. அதைக் கேக்கத்தான் வந்தோம். பைய பைய ஜெபிக்கவும் கத்துக்கிட்டோம்."

நாலு வருஷம் என் கையால் பரிமாறினேன். என்ன பரிமாறினேன் என்று எனக்கே தெரியவில்லை. ஆண்டவருக்குத் தெரிந்திருந்தது, அவர்களுக்கும் தெரிந்திருந்தது.

இதோ, என் கணவர் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். மூச்சு நன்றாக வருகிறது. கர்த்தருக்கே மகிமை. இங்கே யாராவது, ஜெபிக்கக்கூட முகமில்லை என்று குன்றிப்போய் உட்கார்ந்திருந்தால், உங்களுக்குச் சொல்கிறேன். ஆண்டவரை நம்புங்கள். நீங்கள் கேட்கக் கூசுகிற நேரத்திலும், உங்களுக்காகக் கேட்கிறவர்களை அவர் எங்கேயோ முழங்காலில் வைத்திருக்கிறார். அவர்கள் நீங்கள் மட்டமாக நினைத்தவர்களாகவும் இருக்கலாம்.

கடைசியாக, முன்னால் இருக்கிற அந்த ஃபோனைப் பார்த்துப் பேசுகிறேன். ஸ்டெல்லா, பிள்ளைகளா, இதே இடத்தில் நின்று உங்களைக் கேலி பேசினேன். இதே இடத்தில் நின்று கேட்கிறேன், என்னை மன்னித்துவிடுங்கள். அடுத்த மாதம் வருகிறோம். முதல் ஞாயிறு உங்கள் சமையல். நானும் தட்டோடு உங்கள் பக்கத்தில் உட்காருவேன். சாப்பாட்டுக்காகத்தான் வருகிறேன்.