தாரை வார்க்க ஆள் தேடிய கல்யாணம்

2024 செப்டம்பர் 8, ஞாயிற்றுக்கிழமை. ஐந்து பத்துக்கு எழுந்தேன். சட்டையை இஸ்திரி போட்டேன். பாலில்லாத காப்பி குடித்தேன். ஆறே முக்காலுக்குப் பிரிக்பீல்ட்ஸ் வீட்டைப் பூட்டிக்கொண்டு புறப்பட்டு, கொமுட்டர் ரயிலில் கிள்ளான் போய் இறங்கினேன். ரயில் மூன்று நிமிடம் தாமதம்.

கல்யாணம் நான் வாடகைக்கு இருக்கும் வீட்டின் சொந்தக்காரர் சரோஜா அக்காவின் மகள் கவிதாவுக்கு. மாப்பிள்ளைக்குப் பக்கத்திலுள்ள பந்திங் ஊர். இங்கே மலேசியாவில் பலரும் முதலில் அரசாங்கத்தில் பதிவு செய்துவிட்டு, பிறகு மண்டபம் கிடைக்கும்போது தாலி கட்டுகிறார்கள். இவர்களுக்கு ஏப்ரலிலேயே பதிவு முடிந்துவிட்டது. சட்டப்படி ஐந்து மாதக் கணவன் மனைவி, தனித்தனி வீட்டில். தமிழ்நாட்டில் எங்கள் ஊரில் நேர்மாறு. என் தாலிக்குப் பதினோரு வருடம் கழித்து, மலேசிய விசா கேட்டதால்தான் நான் பதிவே செய்தேன். அதுவரை அரசாங்கத்துக்கு நான் பிரம்மச்சாரி.

மேடையில் தாரை வார்க்கும் நேரம் வந்தது. பெண்ணின் தகப்பன் நீர் ஊற்றி மகளைத் தானம் கொடுக்க வேண்டும். சரோஜா அக்காவின் கணவர் இறந்து ஆறு வருடமாகிறது.

"அம்மா ஊத்தட்டும்" என்றாள் கவிதா.

மாப்பிள்ளையின் பெரியப்பா எழுந்தார். "புருஷன் இல்லாதவங்க எப்படிம்மா ஊத்துறது? உன் சித்தப்பா ஜோடியா உக்காரட்டும்."

"அப்படின்னா நான் எந்திரிச்சிருவேன் லா, பெரியப்பா. ரெஜிஸ்டர்தான் முடிஞ்சிருச்சே."

குருக்கள் கடிகாரத்தைப் பார்த்தார். சரோஜா அக்கா கையில் செம்போடு மேடையின் முதல் படியில் நின்றார். ஏறவும் இல்லை, செம்பைக் கீழே வைக்கவும் இல்லை.

பெரியப்பாவின் கண் என்மேல் விழுந்தது. "பாஸ், நீங்க இந்தியாதானே? ஒரிஜினல் எப்படி, சொல்லுங்க."

இந்த நாட்டில் எனக்கு அடிக்கடி நேரும் விபத்து இது. நான் மின்தூக்கிகளைச் சோதிப்பவன். ஆனால் தமிழ்நாட்டில் பிறந்த குற்றத்துக்காக, சடங்குகளுக்கும் நானே பரிசோதகன்.

ஒரிஜினல் எனக்குத் தெரியும். என் கல்யாணத்தின்போது அப்பா உயிரோடு இல்லை. அம்மா சமையல்கட்டு வாசலில் நின்றாள். கெட்டிமேளம் கேட்டுத்தான் மகன் தாலி கட்டிவிட்டதை அறிந்தாள். மணையில் உட்கார்ந்திருந்த நான் ஒரு வார்த்தை பேசவில்லை.

பசு, நிலம், பெண் எல்லாம் ஒரே தானப் பட்டியலில் இருந்த காலத்து ஏற்பாடு இந்தத் தாரை. அதற்கும் முந்தைய தமிழ்க் கல்யாணத்தில் புரோகிதரே இல்லை, பெண்கள்தான் மணமகள் தலையில் நீர் ஊற்றி வாழ்த்தினார்கள் என்று பள்ளியில் படித்திருக்கிறேன். ஆனால் அந்தப் பெண்களும் கணவன் உள்ளவர்களா என்று பார்த்துத்தான் நிறுத்தப்பட்டிருப்பார்கள். சரித்திரம் எனக்கு உதவுவதாக இல்லை. எனவே பொய் சொன்னேன்.

"எங்க ஊர்ல அம்மாதான் ஊத்துவாங்க. அதான் பழைய வழக்கம்."

"பாத்தீங்களா? இந்தியாவிலேயே அப்படித்தான்!" என்று சபையைப் பார்த்துச் சொன்னார் பெரியப்பா, அதுவரை மறுத்தவர் வேறு யாரோ என்பதுபோல.

சரோஜா அக்கா ஏறினார். செம்பைச் சட்டென்று சாய்த்தார். பாதித் தண்ணீர் மகள் கையில் விழுந்தது, மீதி குருக்கள் வேட்டியில். தாலி ஏறிய பிறகு குருக்கள், நட்டநடுப் பகலில், குளிரூட்டிய மண்டபத்துக்குள் அருந்ததி நட்சத்திரத்தைக் காட்டினார். அவர் விரல் நீட்டிய திசையில் 'கெலுவார்' என்ற பச்சை விளக்கு எரிந்தது. வெளியேறும் வழி என்று அர்த்தம். தெரிகிறது என்று மாப்பிள்ளை பக்தியோடு தலையாட்டினார்.

மறுநாள் காலை முதல் வேலையாக அம்மாவை அழைத்தேன். இங்கே எட்டு, அங்கே ஐந்தரை. நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன்.

"எந்த ஊர்ல அம்மா ஊத்துவாங்கன்னு சொன்னே?"

"நம்ம ஊர்லதாம்மா."

"நம்ம ஊர்லயா? எந்தத் தெருவுலடா?"

கிள்ளானில் முந்நூறு பேருக்கு அப்படி ஓர் ஊர் இருக்கிறது. அம்மாவுக்கு அதில் ஒரு தெருவும் வேண்டியிருந்தது.