மெதுவாக விழுந்த பெரட்டுத் தப்பு

மகள் வயலின் வில்லில் ரொசின் தேய்த்துக்கொண்டிருந்தாள். பைன் மரப் பிசினில் செய்த சின்னக் கட்டி அது. தேய்க்கத் தேய்க்க அதன் வாசனை சமையலறை வரை வந்துவிடும். பருப்பை இறக்கி வைத்துவிட்டு, அவள் அறை வாசலில் போய் நின்றேன். இப்போதெல்லாம் எனக்கு இதுதான் வேலை, பிள்ளை கண் முன்னால் இருக்கிறாளா என்று பார்ப்பது.

சிரிக்காதீர்கள், காரணம் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் பதுளையிலிருந்து பண்டாரவளைக்கு பஸ்ஸில் போய் வயலின் படிக்கிறாள். போன மாதம் மழையில் அந்த பஸ் ஒரு வளைவில் வழுக்கி, ரோட்டை விட்டு இறங்கி, தேயிலைச் செடிகள்மேல் சாய்ந்து நின்றது. செடிகள் தாங்கிக்கொண்டன. ஒருவருக்கும் பெரிய காயமில்லை. இவளுக்கு நெற்றியில் ஒரு வீக்கம். மடியில் வைத்திருந்த வயலின் பெட்டியில் ஒரு கீறல்கூட இல்லை. வீக்கம் வற்றிவிட்டது. அந்தச் செய்தி எனக்குப் போனில்தான் வந்தது; இன்னமும் மணி அடித்தால் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஓடுகிறேன். இனி வகுப்பே வேண்டாம் என்று மனதுக்குள் முடிவு கட்டியிருந்தேன். வரும் ஞாயிறு அங்கே நடக்கவிருந்த மாணவர் கச்சேரியும் அதில் சேர்த்தி. அவளிடம் சொல்லத்தான் வாய் வரவில்லை.

கச்சேரிக்கு அவள் எடுத்திருந்தது ஒரு வயலின் கான்செர்ட்டோவின் நடுப்பகுதி. முதல் பகுதியும் கடைசிப் பகுதியும் வேகமாம், நடுவில் இது மட்டும் மெதுவாம். தாளின் மேல் மூலையில் ‘அடாஜியோ’ என்று போட்டிருக்கிறது. அன்றைக்கு அதை அவள் ஓட்டமும் நடையுமாக வாசித்துக்கொண்டிருந்தாள். பஸ் பயம் இன்னும் போகவில்லை போலிருக்கிறது என்று நினைத்தேன்.

“மெதுவான்னுதானே போட்டிருக்கு?” என்றேன்.

வில்லை இறக்கினாள். “நீங்க வாசல்ல வந்து நின்னாத்தாம்மா வேகமா போயிருது. மெதுவா வாசிச்சா உங்க மூஞ்சி எழவு வீட்டுக்கு வந்த மாதிரி ஆயிருது.”

“சோகமான பாட்டுக்கு மூஞ்சி வேற எப்படி இருக்குமாம்?”

“இது மேஜர்மா. சோகமே இல்ல. மெதுவா இருக்கு, அவ்வளவுதான்.”

மேஜர் என்றால் வெளிச்சமான சுரவரிசை, மைனர் என்றால் கொஞ்சம் மங்கல் என்று முன்பே சொல்லித் தந்திருக்கிறாள். என் காதுக்கு அந்த வித்தியாசம் எட்டுவதில்லை. அது பழகிய இடம் வேறு.

லுணுகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில்தான் நான் வளர்ந்தேன். வரிசையாக ஒட்டிக் கட்டிய வீடுகள்தான் லயம்; எங்கள் லயத்தின் கடைசிக் காம்பராவில் வேலு மாமா இருந்தார். விடியுமுன் ஆட்களைப் பெரட்டுக்கு, வேலைக்குப் பெயர் கொடுக்கும் இடத்துக்கு, கூப்பிடத் தப்புப் பறை அடிப்பவர் அவர். லயத்துக்கு மேலே பைன் காடு. காய்ந்த பைன் ஊசிகளைக் கூட்டிக் கொளுத்தி, அந்தத் தீயில் தப்பைக் காட்டிச் சூடேற்றுவார். ரொசின் வாசனை என்னைக் கொண்டுபோய் விடுவது அங்கேதான். அடி வேகமாக விழுந்தால் வேலைக்குப் புறப்பட வேண்டும். துள்ளலாக வந்தால் கல்யாணமோ திருவிழாவோ. விட்டு விட்டு மெதுவாக விழுந்தால், யாரோ போய்விட்டார்கள். அன்றைய நாள் எப்படிப்பட்டது என்பது கம்பளிக்குள் கிடக்கும்போதே எங்களுக்குத் தெரிந்துவிடும்.

ஒரு நாள் காலை அது மெதுவாக விழுந்தது.

அம்மா அடுப்பை விட்டு எழுந்தார். லயம் முழுக்கக் கதவுகள் திறந்தன. அடுத்த காம்பராவில் மாரிமுத்துத் தாத்தா சில நாளாக இருமலோடு படுத்திருந்ததால், யார் என்று ஒருவரும் யோசிக்கவில்லை. ராமாயி அத்தை தலைமுடியை அவிழ்த்துவிட்டுக்கொண்டு அவர் வாசலில் உட்கார்ந்து ஒப்பாரியைத் தொடங்கிவிட்டார். மற்றப் பெண்கள் சேர்ந்துகொண்டார்கள். எல்லோரும் அழுததால் நானும் அழுதேன். அப்போது கதவு திறந்தது. கம்பளியைப் போர்த்தியபடி தாத்தா வெளியே வந்தார்.

“யாருக்குடி இந்த அழுகை?”

அத்தை நிமிர்ந்து பார்த்தார். “உங்களுக்குத்தாங்க.”

“நல்லாத்தான் இருக்கு. தேத்தண்ணி குடிச்சிட்டு வர்றேன், மிச்சத்தையும் பாடு.”

கையில் துணி சுற்றிக்கொண்டு வேலு மாமா ஓடி வந்தார். “யாரும் சாகலைங்க. செடி வெட்டுற கவ்வாத்துக் கத்தி கையில பட்டிருச்சு, அடிக்கக் கைதான் ஓடல.” பெரட்டுக்குப் பிந்திப் போனதற்குக் கங்காணியிடம் எல்லோருக்கும் திட்டு விழுந்தது. “செத்த மனுசனே எந்திரிச்சு தேத்தண்ணி குடிக்கிறாரு, உங்களுக்கு நேரத்துக்கு வர முடியலையா?” தாத்தா அதற்குப் பிறகும் வெகுகாலம் இருந்தார். அத்தையைக் காணும்போதெல்லாம், “அன்னைக்கு என்னைய என்னமோ ராசான்னியே, அத இன்னொருக்கா சொல்லு” என்பார்.

இதைக் கேட்டு மகள் சிரித்த சிரிப்பில் வயலினைக் கட்டிலில் வைக்க வேண்டியதாயிற்று. பிறகு என்னையும் கட்டிலில் உட்கார வைத்தாள்.

“இப்ப கேளுங்க. அழுவுறதா இருந்தா முடிஞ்ச பொறகு அழுவுங்க.”

இந்த முறை ஓடாமல் வாசித்தாள். மாலையில் கொழுந்து நிறுத்துக் கொடுத்துவிட்டு, வெறுங்கூடையோடு பெண்கள் லயத்துக்கு இறங்கி வருவார்களே, அந்த நடை. அவசரமும் இல்லை, துக்கமும் இல்லை. அம்மா அப்படித்தான் வருவார், பக்கத்தில் வருபவரிடம் ஏதோ பேசிக்கொண்டே. பாட்டு முடிந்தபோது, கச்சேரிக்கு எந்தச் சட்டை போடப் போகிறாய் என்று கேட்டேன்.

ஞாயிறு காலை பஸ்ஸில் ஏற்றிவிட்டேன். கூட வருகிறேன் என்றதற்கு, “வாசல்ல வந்து நின்னுருவீங்க” என்றாள். வீட்டுக்கு வந்து போனை மேசைமேல் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

அந்தத் தோட்டத்தில் இப்போது பெரட்டுக்குத் தப்பு அடிப்பதில்லை. பாதிக் காம்பராக்களில் ஆளில்லை, பிள்ளைகள் கொழும்புக் கடைகளில் இருக்கிறார்கள். வேலு மாமா போன செய்தியும் எனக்கு இந்தப் போனில்தான் வந்தது. சாவுக்கும் கல்யாணத்துக்கும் இதில் ஒரே மணிதான்.

மணி அடித்தது. எடுத்தேன்.

“அம்மா, பண்டாரவளைக்கு வந்துட்டேன். சாப்டீங்களா?”

மணி அடிப்பதற்கும் இந்தக் குரலுக்கும் இடையில், நல்லதா கெட்டதா என்று தெரியாமல் கிடந்த அந்த நொடி, வேலு மாமாவின் காலத்தில் எங்களுக்கு இருந்ததே இல்லை.