இருபத்தேழாவது இடம்

பதிப்பகத்தில் எல்லாருக்கும் அவள் அக்காதான். அவளைவிட ஆறு வயது மூத்த பதிப்பாளரே அக்கா என்று கூப்பிட ஆரம்பித்த பிறகு மற்றவர்களைப் பற்றிச் சொல்ல வேண்டுமா?

டயர் கடைக்கு மேலே மூன்று அறைகள், அதுதான் பதிப்பகம். கீழே காற்றடிக்கும் யந்திரம் ஓடினால் மேலே பென்சில்கள் மேசையிலிருந்து உருளும். அங்கே இரண்டு விதமான புத்தகங்கள் போட்டார்கள். ஒன்று, பரிசாகக் கொடுக்கிற படப் புத்தகங்கள். உள்ளங்கை அளவு, பக்கத்துக்கு ஒரு படம், இரண்டு வரி. பூனை வளர்க்கிறவருக்கு ஒன்று, வேலையிலிருந்து ஓய்வு பெறுகிறவருக்கு ஒன்று, மாமியாரை மனசார வாழ்த்த விரும்பும் மருமகளுக்கு ஒன்று. கடைசியாகச் சொன்னது மட்டும் கட்டுப் பிரிக்காமல் அலமாரியிலேயே தங்கிவிட்டது.

இன்னொன்று, கொஞ்சம் கிறுக்குத்தனமான நகர வழிகாட்டிகள். தவறான நேரம் காட்டும் கடிகாரங்களுக்கு ஒரு புத்தகம். யாரும் எழுப்பிவிடாமல் உட்கார்ந்திருக்கக்கூடிய படிக்கட்டுகளுக்கு ஒரு புத்தகம். எல்லாவற்றையும்விட நன்றாக ஓடியது 'மழைக்கு ஒதுங்க நாற்பது இடங்கள்'. பழைய நகரத்துக்குள் திடீர் மழை வந்தால் எங்கே ஓடி நிற்கலாம், எங்கே நின்றால் கடைக்காரர் முறைக்க மாட்டார், எந்தக் கூரை ஒழுகும், எல்லாம் அதில் இருக்கும். படங்கள் தம்பி போட்டவை. அக்காவின் சொந்தத் தம்பி. இருவருக்கும் கல்யாணம் ஆகவில்லை, ஏன் என்று கேட்டவர்களிடம் அக்கா, "நான் எப்பவும் வெளியில நடந்துக்கிட்டு இருந்தேன், இவன் எப்பவும் உள்ள வரைஞ்சுக்கிட்டு இருந்தான், வந்தவங்க யாரைப் பார்ப்பாங்க?" என்பாள்.

அவள் காலில் சக்கரம் கட்டிக்கொண்டு பிறந்தவள். ஒவ்வொரு புதிய பதிப்புக்கும் நாற்பது இடங்களையும் மறுபடி நடந்து பார்ப்பாள். அதற்கென்று ஒரு தாள் உண்டு. இடத்தின் எண், தேதி, நேரில் பார்த்தவர் என்று மூன்று கட்டங்கள். மூன்றாவது கட்டத்தில் எப்போதும் அவள் கையெழுத்துதான். தன் கால் படாத இடத்தைப் பற்றி ஒரு வரி எழுத மாட்டாள். இந்த விஷயத்தில் அவள் பிடித்த முயலுக்கு மூன்றே கால்.

வீட்டிலும் இருவருக்கும் இந்த எண்கள்தான் பேச்சு. "எங்க போறே?" என்றால் "முப்பத்திரண்டு வரைக்கும்" என்பாள். கடைத்தெருவில் பிரிந்துபோனால், "பதினாலுல நில்லு, வந்துடறேன்" என்பாள். தம்பி பதினாலில், அதாவது தபால் நிலையத்து வளைவுக்கு அடியில், நோட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு நிற்பான்.

அந்த நாற்பதில் ஒன்று மட்டும் பொய்.

அதற்குக் காரணம் பதிப்பாளர். முந்தைய புத்தகங்களை யாரோ ஈயடிச்சான் காப்பி அடித்து விற்றதில் அவருக்குத் தீராத வயிற்றெரிச்சல். இல்லாத இடம் ஒன்றை நடுவில் செருகி வைத்தால் திருடனைக் கையும் களவுமாகப் பிடிக்கலாம் என்று ஒற்றைக் காலில் நின்றார். அக்கா மாட்டேன் என்றாள். ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். கடைசியில் எழுதினாள். எழுத உட்கார்ந்த பிறகு அவளுக்கே ஆசை வந்துவிட்டது என்பதையும் சொல்ல வேண்டும்.

இருபத்தேழு: கடிகாரம் பழுது பார்க்கும் கடைக்குப் பின் தெருவில், கதவு எண் அறுபது, மாடிப்படிக்கு அடியில். மூன்று பேர் தாராளமாக நிற்கலாம். எவ்வளவு சாய்த்துப் பெய்தாலும் ஒரு சொட்டு விழாது.

அந்தத் தெரு உண்மை. ஆனால் ஐம்பத்தெட்டோடு வீடுகள் முடிந்துவிடும். அதற்கப்புறம் ஒரு பழைய கிடங்கின் மொட்டைச் சுவர்தான். தம்பி அங்கே இல்லாத மாடிப்படியை வரைந்தான். மஞ்சள் கதவு, சுவரில் சாய்த்து வைத்த சைக்கிள், படிக்கு அடியில் குடையை உதறும் ஒரு பெண். புத்தகத்திலேயே அழகான படம் அதுதான் என்று எல்லாரும் சொன்னார்கள். அறுபதைக் காணோமே என்று எழுதிக் கேட்ட வாசகர்களுக்கு, "சமீபத்தில் இடித்துவிட்டார்கள்" என்று பதிப்பாளர் வருத்தம் தெரிவித்துப் பதில் போடுவார். மூன்றாம் வருடம் வேறொருவர் போட்ட புத்தகத்தில் அதே மாடிப்படி, அதே மூன்று பேர் வந்தபோது, அலுவலகம் முழுக்க ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்தார்.

தம்பிக்கு ஐம்பத்தைந்து வயதில் மறதி நோய் வந்தது. முதலில் சாவியை மறந்தான், பிறகு வழியை, பிறகு அப்பா செத்துப்போனதை. சாப்பிடும்போது, "அப்பா இன்னும் வரலையே" என்பான். அக்கா முதல் தடவை உண்மையைச் சொன்னாள். அவன் புதிதாகக் கேட்டது மாதிரி அழுததைப் பார்த்து, அடுத்த தடவையிலிருந்து "வந்துடுவார்டா, நீ சாப்பிடு" என்றாள். கை மட்டும் எதையும் மறக்கவில்லை. நாள் முழுக்க அந்த மழைப் புத்தகத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு, தான் போட்ட படங்களையே திரும்பப் போட்டுக்கொண்டிருந்தான்.

அன்றைக்கு அச்சுக்குப் போக வேண்டிய பக்கங்களைக் கொடுத்துவிட்டு வர அக்கா பதிப்பகத்துக்குப் போயிருந்தாள். ஒரு மணி நேர வேலை. கீழ் வீட்டு அம்மாவிடம் சொல்லிவிட்டுத்தான் போனாள். திரும்பி வரும்போது தூறல் ஆரம்பித்திருந்தது. கீழ் வீட்டு அம்மா வாசலிலேயே கையைப் பிசைந்துகொண்டு நின்றாள்.

"அஞ்சு நிமிஷம்தாம்மா உள்ள போனேன். தம்பி படியிறங்கிட்டார். கூப்பிட்டேன், நிக்கலை. கையில அந்தப் புத்தகம். 'அக்கா மழையில மாட்டிக்கிட்டா, எனக்காக அங்க காத்துக்கிட்டு இருப்பா'ன்னு சொல்லிட்டே போயிட்டார்."

 ஆனாலும் அக்காவுக்கு ஒரு தைரியம் இருந்தது. நாற்பதில் ஏதோ ஒன்றில்தான் இருப்பான். நாற்பதும் அவளுக்கு மனப்பாடம்.

பதிப்பாளர் போலீசுக்குச் சொல்லிவிட்டு ஸ்கூட்டரோடு வந்தார். போன் உள்ள கடைகளுக்குப் போன் போட்டார்கள். மீதியை நேரில் பார்த்தார்கள். பதினாலில் இல்லை. ஒன்பதில் இல்லை. இருபத்திரண்டில், துணிக்கடைக்காரர், "அவர் வந்தா நான் விடுவேனாம்மா? உட்கார வச்சிருப்பேனே" என்றார். மழை வலுத்தது. பதிப்பாளரின் கண்ணாடி முழுக்கத் தண்ணீர். அக்கா பின்னாலிருந்து வழி சொல்லச் சொல்ல ஓட்டினார். நான்கு மணி நேரம் ஆயிற்று. கடைசியாக நாற்பது, பழைய நூலகத்தின் முகப்பு. அங்கே ஒரு நாய்தான் படுத்திருந்தது.

"எல்லாம் பார்த்தாச்சே, அக்கா. முப்பத்தொன்பதும்..."

பாதியில் நின்றுவிட்டார். முப்பத்தொன்பது என்ற சொல் அவர் வாயிலிருந்து வந்ததும் இருவருக்கும் ஒரே நேரத்தில் உறைத்தது. அவர் முகத்தை அக்கா பார்த்தாள். அவர் அவளைப் பார்க்கவில்லை. வண்டியை உதைத்துக் கிளப்பினார்.

ஐம்பத்தெட்டாம் எண் வீட்டைத் தாண்டி, மொட்டைச் சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டு தம்பி நின்றிருந்தான். மேலே ஒன்றும் இல்லை, வானம்தான். சட்டை உடம்போடு ஒட்டியிருந்தது. உதடு நீலம் பாரித்திருந்தது. புத்தகத்தைச் சட்டைக்குள் மார்போடு அணைத்துப் பிடித்திருந்தான். புத்தகத்தில் சொன்ன மாதிரியே, பக்கத்தில் இன்னும் இரண்டு பேர் நிற்க இடம் விட்டு ஓரமாக நின்றான்.

அக்காவைக் கண்டதும் முகம் மலர்ந்தது. "வா அக்கா, உள்ள வா. ஏன் அங்கயே நின்னு நனையறே?"

அதில் இருக்கிறது பொய்யடா, நான் எழுதியதுதான், இங்கே ஒன்றுமே இல்லை என்று கத்த வேண்டும்போல் இருந்தது அவளுக்கு. ஆனால் போய் அவன் பக்கத்தில் சுவரோடு ஒட்டி நின்றாள். அவன் நகர்ந்து இடம் கொடுத்தான்.

"ஒரு சொட்டு விழலை பார்த்தியா?" என்றான், பற்கள் தந்தியடிக்க.

"ஆமாடா," என்றாள். "ஒரு சொட்டுகூட விழலை."

பதிப்பாளர் ஸ்கூட்டரைப் பிடித்தபடி தெருவிலேயே நின்றார். "சாரையும் கூப்பிடு, மூணு பேர் நிக்கலாம்," என்றான் தம்பி. அவரும் வந்து நின்றார். பதிப்பாளர் போனில் வரச் சொன்ன ஆம்புலன்ஸ் வரும்வரை மூவரும் அங்கேயே நின்றார்கள்.

காய்ச்சல் நெஞ்சில் இறங்கிவிட்டது. பதினோராம் நாள் தம்பி போய்விட்டான். நினைவு தப்பும் வரைக்கும் அவன் அந்த மாடிப்படியைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தான் என்று நர்ஸ் சொன்னார். அக்கா யாரிடமும் தன்னை நொந்துகொள்ளவில்லை. தனியாக இருக்கும்போது நொந்துகொண்டாள், அதற்குக் கணக்கில்லை.

ஐந்தாம் பதிப்பு வேலை வந்தபோது பதிப்பாளர் அவள் மேசைக்கு வந்தார். உட்காரவில்லை.

"இருபத்தேழை எடுத்துடலாம், அக்கா. இனிமே எந்தப் புத்தகத்துலயும் அந்த மாதிரி வேண்டாம். எவன் வேணாலும் காப்பி அடிச்சிட்டுப் போகட்டும். தப்பு என்னோடது."

"எழுதினது நான்தானே, சார்."

"எடுத்துடவா?"

 கீழே டயருக்குக் காற்றடித்தார்கள். "எடுத்துடுங்க சார். இன்னொருத்தர் போய் நிக்கக் கூடாது," என்றாள். "ஆனா தாள்ல நான் எழுதிக்கறேன்."

அவர் போன பிறகு தாளை எடுத்து வைத்துக்கொண்டாள். நான்கு பதிப்பாக இருபத்தேழுக்கு நேரே வெறும் கோடுதான் போட்டு வந்தாள். இந்தத் தடவை தேதிக் கட்டத்தில், மழை பெய்த அந்த நாளை எழுதினாள். நேரில் பார்த்தவர் என்ற இடத்தில், தம்பி என்று எழுதினாள்.